சாட்டின்ல தண்ணிச் சொட்டு வட்டம்: துணி குத்தமா, தண்ணி குத்தமா, சாஃப்ட்னர் குத்தமா?

தாம்வே தையல்கடை:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல தாம்வே பக்கம் வீட்டு முன்கட்டுலயே தையல்கடை வச்சிருக்கேன். 14 வருஷமா கத்தரி பிடிக்கிறேன், இப்படி ஒரு கூத்தை இப்பத்தான் பார்க்குறேன்.

ஒரு கல்யாணத்துல தோழிப் பொண்ணுங்களுக்கு ஒரே நிறத்துல 11 செட் ஆர்டர். மேலுக்கு எஞ்சி (பர்மா ரவிக்கை), கீழுக்குத் தமெய்ன் (பொம்பளைங்க கட்டுற லுங்கி). துணி பாலியஸ்டர் சாட்டின், வெங்காயத்தோல் நிறம். முதல்ல 28 கெஜம் எடுத்தேன். பத்தாமப் போச்சு, ரெண்டு வாரம் கழிச்சு அதே கடையில அதே நிறம், அதே நம்பர் சொல்லி இன்னும் 12 கெஜம் வாங்கினேன். ரெண்டும் சீனா சரக்கு. வெயில்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாலும் நிறத்துல துளி வித்தியாசம் இல்ல. கைக்குத்தான் வேற வேற. முதல் ரோல் தொட்டா லேசா சரசரன்னு இருக்கும். ரெண்டாவது ரோல் வெட்டுப் பலகையில நிக்கவே மாட்டேங்குது, விரால் மீன் மாதிரி வழுக்குது. "நல்ல ஃபினிஷிங் அக்கா, அதான் விலை கூட"ன்னு கடைக்காரர் சொன்னார். நானும் பெருமையா வாங்கிட்டு வந்தேன்.

வினை இஸ்திரியில வந்துச்சு. எங்க தெருவுல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. வந்த உடனே வேலையை முடிக்கணும்னு அவசரத்துல, பெட்டி முழுசாச் சூடாகுறதுக்குள்ள ஆவி பட்டனை அமுக்கிட்டேன். ஆவி வரல, தண்ணியைத் துப்பிடுச்சு. முன்பக்கத்துல நாலு சொட்டு. காய்ஞ்சா போயிரும்னு விட்டேன். காய்ஞ்சதும் பார்த்தா ஒவ்வொண்ணும் பழைய 25 பியா காசு அளவுக்கு ஒரு வட்டம். நடுவுல துணி நிறம்தான் இருக்கு, ஓரம் மட்டும் பென்சில்ல கோடு இழுத்த மாதிரி கருப்பா. ஈரத்துணி வச்சுத் துடைச்சேன். சின்ன வட்டம் போயி, துடைச்ச இடம் பூராவும் பெருசா ஒரு தேசப்படம் வந்துருச்சு.

சரி, முழுசா அலசிடுவோம்னு அந்த எஞ்சியை மட்டும் குழாய்த் தண்ணியில அலசி, கடைசித் தண்ணியில வீட்டுல துணிக்கு ஊத்துற வாசனை சாஃப்ட்னர் ஒரு மூடி ஊத்தினேன். சாஃப்ட்னர் போட்டா எல்லா இடமும் ஒரே மாதிரி ஆகிடும்னு ஒரு நினைப்பு. கொடியில போட்டு எடுத்தா மேலருந்து கீழ வரைக்கும் கோடு கோடா வழிஞ்ச தடம், கீழ் மடிப்புல ஒரு விரக்கடை அகலத்துக்குத் திட்டு. இருந்ததும் போச்சு.

முதல் ரோல்ல தைச்சதுல இந்தத் தொல்லையே இல்ல. அதுலயும் ஒரு சொட்டு விழுந்துச்சு, தடம் தெரியல.

கடைக்காரர் கிட்டக் கேட்டா "துணி சுத்தம், உங்க வீட்டுத் தண்ணிதான் சரியில்ல"ங்கிறார். எங்களுது போர் தண்ணி, கெட்டிலுக்குள்ள செம்மண் பூசின மாதிரி இருக்கும், அது உண்மைதான். ஆனா அதே தண்ணி முதல் ரோலை ஏன் ஒண்ணும் பண்ணல?

தைச்சு முடிச்ச 4 எஞ்சி இந்த ரெண்டாவது ரோல்ல இருக்கு, வெட்டாம 5 கெஜமும் இருக்கு. காப்பாத்த வழி இருந்தா சொல்லுங்க. இனிமே வாங்கும்போது இதைக் கடையிலயே கண்டுபிடிக்க முடியுமான்னும் சொல்லுங்க.

மோல்மேன் லாண்ட்ரி:

அக்கா, எங்க ஊரு மழைக்கு இது தினப்படிக் கதை. குடையில இருந்து சொட்டினது, ஜன்னல் வழியாத் தெறிச்சது, எல்லாம் எங்க கவுண்டருக்குத்தான் வரும். போர் தண்ணியில இரும்பு இருக்கு, சந்தேகமே வேணாம். ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து வட்டத்து மேல ஒத்தி எடுங்க, வெளுத்துரும். சாஃப்ட்னர் ஒரு மூடி பத்தாம திட்டாயிருக்கும்னு நினைக்கிறேன், ரெண்டு மூடி போட்டுப் பாருங்க. நாங்க சிந்தெடிக் துணி எல்லாத்துக்கும் தாராளமாத்தான் ஊத்துவோம், அப்பத்தான் துணி உடம்புல ஒட்டாம, நெருப்புப்பொறி தட்டாம இருக்கும்.

பழைய ஸ்டென்டர்க்காரன்:

தங்கச்சி, சாஃப்ட்னர் ரெண்டாவது மூடிக்குப் போயிராதீங்க. தம்பி சொன்ன வினிகர்ல பாதி நியாயம் இருக்கு, அதுக்குப் பின்னால வர்றேன்.

நான் லைங்தாயாவுல ஒரு சாயப்பட்டறையில 19 வருஷம் ஸ்டென்டர் ஓட்டினவன், அதாவது துணியை விரிச்சுப் பிடிச்சுச் சூட்டுல காய வைக்கிற மெஷின். சின்னப் பசங்க என்னை சயான்னு (வாத்தியார்னு) கூப்பிடுவாங்க. படிச்ச சயா இல்ல, கை சுட்டுக் கத்துக்கிட்டவன். அதனால எனக்குத் தெரிஞ்ச வழியில சொல்றேன்.

டீக்கடை மேசையில டீ சிந்திக் காய்ஞ்சா எப்படி இருக்கும்? நடு வெளுத்து, ஓரம் கருத்து இருக்கும். சொட்டோட ஓரம் மெல்லிசு, அங்கதான் தண்ணி வேகமாக் காயுது. காய்ஞ்ச இடத்தை நிரப்ப நடுவுல இருந்து தண்ணி ஓரத்துக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஓடும்போது கரைஞ்சதை எல்லாம் கூடவே இழுத்துட்டுப் போயி ஓரத்துல கொட்டிட்டுத் தான் மட்டும் ஆவியாப் போயிரும். உங்க எஞ்சியில நடந்ததும் இதேதான். துடைச்சப்ப வட்டம் பெருசானதுக்கும் இதுதான் காரணம், ஓரத்தை நீங்க தள்ளி வச்சீங்க, அவ்வளவுதான்.

அப்ப, கரைஞ்சது எது? பாலியஸ்டர் நூல் தண்ணியைக் குடிக்கிற ஜாதி இல்ல. சாதாரணக் காத்துல பருத்தி தன் எடையில 8 சதவீதத்துக்கு மேல ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். தண்ணி நூலுக்குள்ள போகாது, நூலுக்கும் நூலுக்கும் நடுவுல உள்ள சந்துலதான் ஓடும். ஓடுற வழியில நூல் மேல ஒட்டாம சும்மா உட்கார்ந்திருக்கிற எதையும் கிளப்பிட்டுப் போகும். நூற்பு எண்ணெய் மிச்சம், சாயம் கலைக்கப் போட்ட மருந்து மிச்சம், எல்லாத்துக்கும் மேல சாஃப்ட்னர். சாட்டின் நெசவுல நூல் நீளமா மேல மிதந்து கிடக்குறதால வெளிச்சம் அப்படியே கண்ணாடி மாதிரித் திரும்பும். அதுல ஒரு இழை எண்ணெய் கூடினாலும் கண்ணுக்கு இருட்டாத் தெரியும். இதே பிசிறு ஒரு சொரசொரப்பான துணியில இருந்தா யாருக்கும் தெரியாது.

பட்டறையில நாங்க போடுற சாஃப்ட்னர் ஒரே சரக்கு இல்ல. பழைய காலத்து ஆளு கேட்டயானிக், கொழுப்புல இருந்து செய்யுறது, செதில் செதிலா வரும், வெந்நீர்ல கரைச்சு ஊத்துவோம். வீட்டுல நீங்க ஊத்துற வாசனைத் தண்ணியும் அந்தக் குடும்பம்தான். அது நூல் மேல மின்சார ஈர்ப்புல ஒட்டும், ஆனா கட்டிப்போட்ட மாதிரி நிக்காது, தண்ணி பட்டா கொஞ்சம் எழும்பி வரும். அடுத்தது அமினோ சிலிக்கோன். உங்க ரெண்டாவது ரோல் விரால் மாதிரி வழுக்குதுன்னு எழுதினீங்களே, அது இந்த ஆளோட கைவேலையாத்தான் இருக்கும். சூட்டுல காய்ஞ்சா படலமாப் பிடிச்சுக்கும், தண்ணியை ஒட்டவிடாது. மூணாவது தண்ணியை உறிஞ்சுற மாதிரி செஞ்ச சிலிக்கோன். அது போட்ட துணியில சொட்டு பரந்து மெல்லிசாகி சீக்கிரம் காயும், வட்டம் தெரிஞ்சும் தெரியாம இருக்கும். ஆனா சீக்கிரம் கழுவிட்டுப் போயிரும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சிலிக்கோன் எண்ணெய் தானாத் தண்ணியில கலக்காது. கலக்க வைக்க எமல்சிஃபையர் வேணும், அது சோப்பு மாதிரி ஒரு பொருள். மைக்ரோ எமல்ஷன்னு கண்ணாடி மாதிரித் தெளிவா வர்ற சரக்குல அது நிறையவே இருக்கும். துணியைப் பேடர்ங்கிற உருளை மெஷின்ல முக்கிப் பிழிஞ்சு நேரா ஸ்டென்டர்ல காய வச்சிடுறோம், அலசுறது கிடையாது. தண்ணி ஆவியாப் போகும், சிலிக்கோன் ஒட்டும், இந்த எமல்சிஃபையர் போக இடமில்லாம துணியிலயே தங்கிடும். அது தண்ணியைக் கண்டா எழுந்து ஓடுற பொருள். தங்கச்சி, உங்க வட்டத்தோட கருப்பு ஓரம் பெரும்பாலும் இதுவும், ஒட்டாம மிஞ்சின சாஃப்ட்னரும்தான்.

இதை நான் கண்டுபிடிச்ச கதையைச் சொல்றேன். ஒரு மழைக்காலம், ஜாக்கெட் உள் லைனிங்குக்கு ஈய நிறத்துல பாலியஸ்டர் டஃபேட்டா. தகரக் கூரை ஒழுகி, தள்ளுவண்டியில அடுக்கி வச்ச ரோல் மேல ராத்திரி பூரா சொட்டிருக்கு. காலையில பிரிச்சா சில ரோல்ல அம்மைத்தழும்பு மாதிரி வட்டம், சில ரோல்ல ஒண்ணுமே இல்ல. ஒரே கூரை, ஒரே மழை. மேனேஜர் கூரைக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தார். நான் லாட் சீட்டைப் புரட்டினேன். பகல் ஷிஃப்ட் சாஃப்ட்னர் லிட்டருக்கு 20 கிராம் போட்டிருக்கு. சாயந்திரம் வாங்குறவன் ஆள் வந்து தடவிப் பார்த்துட்டு "இன்னும் வழுக்கணும்"னு சொன்னானாம், ராத்திரி ஷிஃப்ட் 50 ஆக்கியிருக்கு. அதோட அவசரத்துல ஓட்டத்தைக் கூட்டியிருக்கான், துணி சூட்டுல நிக்க வேண்டிய நேரம் நிக்கல.

ரெண்டு லாட்டுலயும் ஒரு முழம் வெட்டி மேசையில விரிச்சு, ஊசி போடுற சிரிஞ்சுல ஒவ்வொரு சொட்டு விட்டேன். பகல் துண்டுல சொட்டு உருண்டு நின்னுச்சு. பிளாட்டிங் தாளால ஒத்தினா துணி அப்படியே இருந்துச்சு. ராத்திரித் துண்டுல முதல்ல உருண்டுதான் நின்னுச்சு, ஒரு பீடி பத்தவைக்கிற நேரத்துல மெல்ல அடி பரந்துச்சு, அப்புறம் பொசுக்குனு உள்ள இறங்கிடுச்சு. ட்யூப்லைட்டைச் சாய்ச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். கால் மணி நேரத்துல ஓரம் கருக்க ஆரம்பிச்சுது. தண்ணியை உருள விடுற துணியும் தப்பிச்சுடும், உடனே பரவ விடுற துணியும் தப்பிச்சுடும். ரெண்டுங்கெட்டானா முதல்ல நிறுத்தி வச்சு அப்புறம் குடிக்கிற துணிதான் தடம் வாங்கும். மீதி சாஃப்ட்னரை வெந்நீர்ல அலசி மறுபடி ஓட்டினோம், 3 நாள் சம்பளம் எங்க தலையில விழுந்துச்சு. அது வேற கதை.

இந்தச் சொட்டுச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 105-இ07னு முறையான பேரே இருக்கு. சொட்டு விட்டு, கண்ணாடிக் குச்சியால தேய்ச்சு உள்ள இறக்கி, 2 நிமிஷம் கழிச்சு ஒருமுறை, காய்ஞ்ச பிறகு ஒருமுறை, நிறம் எவ்வளவு மாறுச்சுன்னு அளக்குற சாம்பல் அட்டையோட ஒத்துப் பார்ப்பாங்க. ஆனா அதுக்கு ஆய்வகச் சுத்தத் தண்ணி. அதுல பாஸான துணி உங்க வீட்டுச் செம்மண் தண்ணியிலயும் பாஸாகும்னு யாரும் எழுதிக் கொடுக்கல.

இப்ப உங்க எஞ்சியில வழிஞ்ச கோடு. கேட்டயானிக் துணியில இறங்கி உட்காரும்போது, பிழியாம கொடியில போட்டா தண்ணி கீழ வடிஞ்சு மடிப்புல தேங்கும். அது சுமந்துட்டு வந்ததெல்லாம் அங்கயே சேரும். ஏற்கெனவே மிச்சம் நிறைஞ்ச துணிக்கு நீங்க இன்னொரு மிச்சத்தை ஊத்தினீங்க. எடுக்க வேண்டிய இடத்துல சேர்த்துட்டீங்க.

செய்ய வேண்டியது: அஞ்சு கெஜத்துல ஒரு சாண் துண்டு வெட்டி அதுல முதல்ல பண்ணிப் பாருங்க. கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன், பத்து நிமிஷம் அமுக்கி அமுக்கி அலசணும், கசக்கக் கூடாது. நல்ல தண்ணியில ரெண்டு தடவை. கடைசி அலசல் மட்டும் குடிக்க வாங்குற 20 லிட்டர் ஜார் தண்ணியில. முறுக்காம டர்க்கி டவல்ல சுருட்டி அமுக்கி எடுத்து, நிழல்ல விரிச்சு ஃபேன் போடுங்க. சாஃப்ட்னர் வேண்டாம்.

பிறகு சொட்டு வைங்க. அலசாத துண்டு, அலசின துண்டு, ரெண்டுலயும் ஜார் தண்ணி ஒரு சொட்டு, போர் தண்ணி ஒரு சொட்டு. ஊதாம, வெயில்ல வைக்காம, தட்டையா வச்சுக் காய விடணும். ஜார் தண்ணியே வட்டம் போட்டா குத்தம் துணி மேல இருக்கு. அலசின துண்டுலயும் போர் தண்ணி மட்டும் தடம் போட்டா அது உங்க இரும்பு, அங்க தம்பியோட வினிகர் வேலை செய்யும். இன்னொண்ணு, ஈரமா இருக்கும்போதே வெள்ளைப் பருத்தித் துண்டு வச்சு அமுக்கிப் பாருங்க. அதுல ரோஸ் நிறம் ஏறினா சாயமே ஓடுது, அப்ப கதை வேற. ஸ்டென்டர் சூடு அதிகமாப் போனா பாலியஸ்டர் சாயம் நூலுக்குள்ள இருந்து வெளிய வந்து சாஃப்ட்னர் படலத்துல குடியேறிடும். வெளிர் நிறத்துல அது குறைவு, கருநீலம், கருப்பு, மெரூன்லதான் அந்த வம்பு.

எஞ்சியில காலருக்கு ஒட்டு கேன்வாஸ் வச்சிருக்கீங்களா? நனைஞ்சா குமிழ் விடலாம், கவனம்.

பெகு ஜெர்சி:

அண்ணே, நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நான் ஃபுட்பால் டீமுக்கு ஜெர்சி பிரிண்ட் போட்டுக் கொடுக்குறேன், எல்லாம் பாலியஸ்டர். புதுசுல வேர்வை எங்க இருக்குன்னே தெரியாது, ஆறு மாசம் கழிச்சு முதுகுல உப்பு வட்டம் வட்டமா நிக்குதுன்னு பசங்க புகார். இதுவும் சாஃப்ட்னர் வேலையா?

பழைய ஸ்டென்டர்க்காரன்:

பசங்க வீட்டுல அம்மாக்கள் வாசனைக்கு ஊத்துறாங்களான்னு கேளுங்க. விளையாட்டுத் துணிக்கு ஈரத்தை இழுத்துப் பரப்புற ஃபினிஷ் போட்டிருப்பாங்க. அது மேல கொழுப்பு சாஃப்ட்னர் ஒவ்வொரு துவைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் படிஞ்சா வேர்வை பரவ வழியில்லாம ஒரே இடத்துல நின்னு காயும், உப்பு ஓரத்துல ஒதுங்கும். ரெண்டு மூணு துவைப்பு வெறும் சோப்புத் தூள்ல போடச் சொல்லுங்க, பாதி திரும்பி வரும். மழைக் கோட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். தண்ணி ஒட்டாத ஃபினிஷ் மேல சாஃப்ட்னர் படிஞ்சா கோட்டு ஈரம் குடிக்க ஆரம்பிச்சுடும்.

தாம்வே தையல்கடை:

ஐயா, நேத்துப் பூராவும் உங்க சோதனைதான். உதவிக்கு வர்ற பொண்ணு "அக்கா ஆஸ்பத்திரி வச்சிட்டாங்க"ன்னு சிரிக்குது. பக்கத்து வீட்டுல குழந்தைக்கு மருந்து விடுற டிராப்பர் இரவல் வாங்கிட்டு வந்தேன்.

அலசும்போதே ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. ரெண்டாவது ரோல் துண்டை முக்கினதும் தண்ணி அரிசி களைஞ்ச கழனி மாதிரி கலங்குச்சு. முதல் ரோலையும் ஆசைக்கு முக்கிப் பார்த்தேன், தண்ணி அப்படியே தெளிவா இருந்துச்சு.

சொட்டுக் கதை. முதல் ரோல்ல வச்ச உடனே பரந்துடுச்சு. ஜார் தண்ணி தடம் இல்ல, போர் தண்ணி மட்டும் உத்துப் பார்த்தா சாம்பல் தூவின மாதிரி ஒரு வரம்பு. ரெண்டாவது ரோல் அலசாத துண்டு, நீங்க எழுதினது அச்சு அசல். முத்து மாதிரி உருண்டு நின்னுச்சு, நான் ஒரு பாபின் சுத்தி முடிக்கிறதுக்குள்ள உள்ள இறங்கிடுச்சு. ஜார் தண்ணிக்கே வட்டம், போர் தண்ணிக்கும் வட்டம். ரெண்டும் ஒரே கருப்பு.

அலசின துண்டுல சொட்டு இறங்கவே இல்ல. உருண்டு நின்னது நின்ன மாதிரியே இருந்துச்சு. ஒண்ணை ஒத்தி எடுத்தேன், ஒண்ணும் இல்ல. இன்னொண்ணை அப்படியே காய விட்டேன், ஜார் தண்ணி சொட்டு இருந்த இடம் எனக்கே தெரியல. போர் தண்ணி சொட்டு இருந்த இடத்துல பழுப்பா ஒரு பொட்டு. வினிகர்த் தண்ணியில ஒத்தினேன், போயிருச்சு. மோல்மேன் தம்பிக்கும் ஒரு கும்பிடு. வெள்ளைத் துண்டுல நிறம் எதுவும் ஏறல.

ஆகக் கடைக்காரரும் நானும் ஆளுக்குப் பாதி குத்தவாளி.

வழுக்கல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனா முதல் ரோல் மாதிரி சரசரப்பு வரல. வெட்டுறதுக்கு இப்பத்தான் வசதியா இருக்கு. இந்தச் சிலிக்கோனையும் முழுசா எடுத்துட வழி உண்டா? எல்லாம் ஒரே கைப்பதமா இருந்தா நல்லா இருக்குமேன்னு கேட்கிறேன். அலசின பிறகு ஏன் தண்ணியே இறங்கலைங்கிறதும் புரியல. சாஃப்ட்னரைக் கழுவினா தண்ணி குடிக்கணும்தானே?

மோல்மேன் லாண்ட்ரி:

ரெண்டு மூடி யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன் அக்கா. எங்க கடையில சாட்டின் வந்தா இனி சாஃப்ட்னர் பாட்டிலைப் பூட்டி வச்சுடுறேன். எங்கம்மா அமரபுரா பட்டு அச்செய் (அலை அலையா நெய்த) தமெய்ன் மேல தண்ணி தெளிச்சு இஸ்திரி போடவே விடமாட்டாங்க, பொட்டு விழும்னு. அது பட்டுக்கு மட்டும்தான்னு இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன்.

பழைய ஸ்டென்டர்க்காரன்:

உங்கம்மா சொன்னது சரி தம்பி. ஆனா பட்டு தண்ணியைக் குடிச்சு நூலே உப்புற ஜாதி. நனைஞ்ச இடத்துல நூல் உப்பிக் காய்ஞ்சு மினுக்கம் மாறிடும். பாலியஸ்டர்ல நூல் அசையாது, மேல இருக்கிற பூச்சுதான் நகரும். பார்க்க ஒண்ணு போல இருக்கும், வைத்தியம் வேற.

தங்கச்சி, சிலிக்கோனை எடுக்கப் பட்டறையில காஸ்டிக்கும் எமல்சிஃபையரும் போட்டு 80 டிகிரியில ஓட்டுவோம். அப்படியும் முழுசா வராது. வீட்டு அடுப்புல அந்த விளையாட்டு வேண்டாம், துணியும் போகும், கையும் போகும். தேவையும் இல்ல. ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும், தடம் போடுறது ஒட்டாததுதான்.

அலசின பிறகு சொட்டு உருண்டு நின்னதுல அதிசயம் இல்ல. சிலிக்கோனுக்குத் தண்ணி ஆகாது, அது மேல உட்கார்ந்திருந்த சோப்பு ஜாதி எமல்சிஃபையர்தான் தண்ணியை உள்ள கூட்டிட்டுப் போச்சு. நீங்க அந்தத் தரகனைத் துரத்திட்டீங்க, இப்பச் சிலிக்கோன் தன் குணத்தைக் காட்டுது.

கடையில கண்டுபிடிக்கிற வழி கேட்டீங்க. கைப்பையில ஒரு டிராப்பர் பாட்டில் ஜார் தண்ணி வச்சுக்குங்க. வெட்டுமுனையில ஒரு சொட்டு விட்டுட்டு மத்த துணியைப் பேரம் பேசுங்க. பரந்தாலும் சரி, உருண்டே நின்னாலும் சரி. நின்னுட்டு இறங்கினா, சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி வீட்டுல காய வச்சுப் பார்க்காம கெஜக் கணக்குல எடுக்காதீங்க. அதே நம்பர், அதே நிறம்ங்கிறது சாயத்துக்கு மட்டும்தான் பொருந்தும், ஃபினிஷ் லாட்டுக்கு லாட் மாறும்.

இஸ்திரிப் பெட்டிக்கும் ஜார் தண்ணிதான். கரண்ட் போயி வந்தா விளக்கு அணையுற வரைக்கும் பொறுங்க, முதல் ஆவியைப் பழந்துணி மேல விடுங்க. சாட்டினை உள்பக்கம் திருப்பி, ஆவி இல்லாம வெறும் சூட்டுல போட்டா இன்னும் உத்தமம்.

அந்த 4 எஞ்சி என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லையே?

தாம்வே தையல்கடை:

மூணு தப்பிச்சுது ஐயா. சாஃப்ட்னர் ஊத்தின அந்த எஞ்சி கூட ரெண்டு தடவை அலசினதும் கோடு எல்லாம் போயி சுத்தமாயிடுச்சு, அதுதான் எனக்கு ஆச்சரியம். நாலாவதுல நீங்க பயமுறுத்தின மாதிரியே காலர் கேன்வாஸ் குமிழ் விட்டுடுச்சு, தோசை மாதிரி. அழுத்தி இஸ்திரி போட்டும் படியல. அலசி வச்ச அஞ்சு கெஜத்துல இருந்து புதுக் காலர் வெட்டி மாத்திட்டேன், இந்தத் தடவை கேன்வாஸையும் முதல்லயே நனைச்சுக் காய வச்சுத்தான் ஒட்டினேன். மீதி மூணு தமெய்ன் இன்னும் வெட்டணும். டிராப்பரை இன்னும் திருப்பிக் கொடுக்கல, பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க.